கழற்றி மாட்டும் நாள்

பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

சிட்டு எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே அண்ணனின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அந்த வலியைக் காரணம் காட்டி அவர் எத்தனை வேலைகளிலிருந்து தப்பித்தார் என்பதையும் எழுதுங்கள். நான் கேட்டதாக மட்டும் சொல்ல வேண்டாம்.

போனில் பேசலாமே என்பீர்கள். இந்த வீட்டுச் சுவர் வெறும் அட்டை. நான் இந்தப் பக்கம் தும்மினால் பக்கத்து வீட்டுக்காரி அந்தப் பக்கம் மூக்கைத் துடைக்கிறாள். எழுதினால்தான் எனக்கு நிம்மதி.

ஆலையில் எல்லாம் எப்போதும்போலத்தான். பிஸ்கட் அடுப்பு என்றதும் நம் வீட்டு அடுப்பை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தெரு நீளத்துக்கு இரும்புக் கூண்டு. ஒரு முனையில் மாவுத் துண்டுகள் கம்பிப் பட்டையில் ஏறி உள்ளே போகும், மறுமுனையில் வெந்து வெளியே வரும். அந்த மறுமுனையில் நின்று நிறம் பார்ப்பது என் வேலை. வெளுத்தால் சூட்டை ஏற்றச் சொல்ல வேண்டும், கறுத்தால் இறக்கச் சொல்ல வேண்டும். எங்கள் மேற்பார்வையாளருக்கு விசில் என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது என்பதால் எதற்கும் விசிலடித்துத்தான் கூப்பிடுவார்.

மே மாதக் கடைசியில் கழற்றி மாட்டும் நாள் வருகிறது. உங்களிடம் புலம்பியது நினைவிருக்கிறதா? வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் எல்லோரையும் வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகக் கையெழுத்து வாங்குவார்கள். மறுநாள் யாருக்கும் வேலை கிடையாது. அதற்கடுத்த நாள் புதிதாகச் சேர்ந்தவர்களாக உள்ளே விடுவார்கள். மற்றப் பெண்களுக்கு அந்த ஒரு நாள் பெரிய கொண்டாட்டம். வேன் பிடித்து ஏரிக்கரைக்குப் போவார்கள். எனக்கு மட்டும் மூன்று வருஷமாகக் கொடுப்பினை இல்லை. அடுப்பை முழுக்க அணைத்தால் பட்டை கோணிக்கொள்ளும் என்று சிறு தீயில் வைத்திருப்பார்கள். இரண்டு முனையிலும் ஆள் வேண்டும். விசில் ஒரு முனை, நான் ஒரு முனை. மற்றவர்கள் தண்ணீரில் கால் நனைக்கும்போது நான் வெறும் பட்டை ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

எழுத வந்ததை விட்டுவிட்டு எங்கேயோ போகிறேன். என்னோடு வேலை செய்யும் ஒரு தோழி உண்டாகியிருக்கிறாள். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மே மாதம் கழற்றினால் மறுபடி மாட்டுவார்களா என்று பயப்படுகிறாள். நீங்கள் தொழிலாளர் நீதிமன்றத்தில் கேன்டீன் நடத்துகிறவர், தினமும் வக்கீல்கள் முகத்தில் விழிக்கிறவர். யாரிடமாவது கேட்டு எழுதுங்கள். தோழிக்காகத்தான் கேட்கிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சிட்டு


பிப்ரவரி 19

அன்புச் சிட்டுவுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். நாங்கள் நலம், நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். உன் அண்ணனின் இடுப்பு, தண்ணீர்க் குடம் தூக்கும்போது மட்டும் வலிக்கிறது, கிரிக்கெட் பார்க்கும்போது வலிப்பதில்லை. நீ கேட்டதாக அவரிடம் சொல்லிவிட்டேன்.

கேன்டீனுக்கு ஒரு வக்கீலம்மா வருவார். டீயில் பாதிச் சர்க்கரைதான் போட வேண்டும், ஒரு துளி கூடினாலும் முகம் சுளிப்பார். அதனால் அவருக்கு அரைச் சர்க்கரை என்று பெயர். அன்றைக்கு இரண்டாவது டம்ளர் கேட்டார். முதலில் என் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், அப்புறம் டீ என்று டம்ளரைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் சொன்னது இது. ஒரே இடத்தில் ஒரு வருஷம் விடாமல் வேலை பார்த்த பெண்ணுக்குச் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு உண்டு. பிள்ளை பெற்றுத் திரும்பினாலும் அவள் இடம் அவளுக்குத்தான். உண்டாகியிருக்கிறாள் என்பதற்காக அவளை நீக்கவும் கூடாது. ஆனால் ‘விடாமல்’ என்ற அந்த ஒரு வார்த்தையை வெட்டத்தான் உங்கள் ஆலைக்காரர்கள் வருஷா வருஷம் உங்களைக் கழற்றி மாட்டுகிறார்கள். நீங்கள் அதற்கு வேன் பிடித்துக் கொண்டாடுகிறீர்கள்.

உன் தோழியை வெறும் வயிற்றோடு அடுப்புப் பக்கம் நிற்க வேண்டாம் என்று சொல். காலையில் எழுந்ததும் காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டால் குமட்டல் கொஞ்சம் அடங்கும். கனமான தட்டு எதையும் தூக்கக் கூடாது. அவளுக்கு இது முதல் தடவையா என்று நான் கேட்கவில்லை. நீயும் எழுத வேண்டாம்.

என்றும் உன் நினைவாக,
அண்ணி


மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம். உங்கள் இருவர் சுகத்தையும் அறிய ஆவல். இவர் லாரியோடு போய் ஒரு வாரம் ஆகிறது. நாளை வந்துவிடுவார்.

ரொட்டித் துண்டு பலன் தருவதாகத் தோழி சொல்லச் சொன்னாள். ஆனால் இப்போது அவளுக்கு வேறு கவலை. இந்த வருஷம் மாட்டுவதற்கு முன்னால் எல்லோருக்கும் உடம்புப் பரிசோதனை உண்டு என்று வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் வெள்ளைக் கோட்டு தொளதொளவென்று இருப்பதால் இதுவரை யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் கைக்குத் தெரியாமல் போகுமா?

முன்கூட்டியே சொல்லிவிடேன் என்றேன். முன்பே எல்லோரிடமும் சொல்லிவிட்டால், பிறகு ஏதாவது ஆகிவிட்டால், எல்லோரிடமும் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கும் என்கிறாள்.

அன்புடன்,
சிட்டு


மார்ச் 22

அன்புச் சிட்டுவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் கடிதம் வந்த மறுநாளே எழுதுகிறேன், அடுப்பில் பால் இருக்கிறது, அதனால் சுருக்கமாக.

இன்று அரைச் சர்க்கரையிடம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் உன் புலம்பலைச் சொன்னேன். என் நாத்தனாருக்கு அந்த ஏரியைப் பார்க்கவே கொடுத்து வைக்கவில்லை, எல்லோரும் ஊர் சுற்றும்போது அவளை அடுப்பில் நிறுத்திவிடுகிறார்கள் என்று. வக்கீலம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“கழற்றினதா சொல்ற அந்த நாள்லயுமா வேலை வாங்குறாங்க?” என்று கேட்டார். ஆமாம், ஒவ்வொரு வருஷமும் என்றேன். “அப்ப அவங்களை யாரும் கழற்றவே இல்லை. தாள்ல என்ன எழுதினாலும் வேலை விடாம நடந்திருக்கு.”

புரிகிறதா? ஏரிக்குப் போக முடியவில்லை என்று மூன்று வருஷமாக அழுதாயே, அந்த நாள்தான் உன்னைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. ஆனால் வெறும் வாய்ப்பேச்சு போதாதாம். அன்றைக்கு நீ நின்றதைப் பார்த்தவர் யாராவது வந்து சொல்ல வேண்டும்.

இது உனக்குத்தான் பொருந்தும், உன் தோழிக்கு எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அவளும் உன்னைப்போல அடுப்பில்தான் நிற்கிறாளா என்று கேட்டு எழுது.

பால் பொங்குகிறது.
அண்ணி


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆமாம், தோழியும் அடுப்பில்தான் நிற்கிறாள்.

அந்த நாளில் பார்த்தவர் என்றால் விசில் ஒருவர்தான். சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் போய்க் கேட்டேன். அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். “நான் எதையும் பார்க்கலைம்மா. என்னையும் வருஷா வருஷம் கழற்றித்தான் மாட்டுறாங்க. எனக்கு ரெண்டு பொண்ணு படிக்குது” என்றார். உங்களையும் யாரும் கழற்றவில்லை, நீங்களும் அந்த நாளில் என்னோடுதானே நின்றீர்கள் என்று சொன்னேன். எழுந்து போய்விட்டார். அன்று மாலைவரை அவர் விசில் சத்தமே கேட்கவில்லை. மூன்று வருஷம் ஒரே அடுப்பின் முன்னால் வியர்வை சிந்திய மனிதர் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு பாவமாகவும் இருந்தது.

மற்றப் பெண்களிடமும் இந்தக் கழற்றி மாட்டும் கதையைச் சொல்லிப் பார்த்தேன். எங்களில் உயரக்காரி ஒருத்தி இருக்கிறாள், மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவள். “வருஷத்துல ஒரு நாள் வெளிய போறோம். அதுலயும் மண்ணைப் போடாதே” என்றாள். மற்றவர்களும் அவள் பக்கம்தான். இப்போது நான் போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

தோழி பேசாமல் தானாகவே நின்றுவிடலாமா என்று யோசிக்கிறாள். நல்லபடியாகப் பிறந்தால் போதும், வேலை போனால் போகட்டும் என்கிறாள். ஆனால் வேலை போனால் வாடகை எப்படிக் கட்டுவாள் என்று எனக்குத் தெரியவில்லை.

சிட்டு


ஏப்ரல் 27

என் சிட்டுவுக்கு,

நாங்கள் சுகம். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

சட்டத்தைப் பற்றி இன்று ஒன்றும் எழுதப் போவதில்லை. உன் தோழியிடம் நான் சொன்னதாக ஒன்றைச் சொல். போன தடவை நடந்ததற்கு அவள் காரணம் இல்லை. அதிக நேரம் நின்றதால் இல்லை, சீக்கிரம் எல்லோரிடமும் சொன்னதால் இல்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் விடியும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் சொல்கிறேன், டாக்டரம்மா என்னிடம் நேராகச் சொன்னார். அப்போது அதை அவளிடம் சொல்லியிருந்தாலும் காதில் ஏறியிருக்காது. இப்போது ஏறட்டும்.

இந்தத் தடவை அவள் யாரிடமும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. எனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை, உன் அண்ணனிடம்கூட. பயந்துகொண்டே இருந்தாலும் சரி, தனியாகப் பயப்பட வேண்டாம் என்று சொல்.

அண்ணி


மே 5

அண்ணி,

தோழி யாரும் இல்லை.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி என்னவென்று கேட்டாள். வெங்காயம் என்றேன். இவ்வளவு நேரமா வெங்காயம் என்று கேட்டுவிட்டுப் போனாள். முதல் கடிதத்திலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள் அல்லவா? தெரிந்தும் தெரியாததுபோலத் தோழிக்கு ரொட்டித் துண்டு சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். உங்களுக்கு நான் நாத்தனாராக வாய்த்தேனே, நீங்கள்தான் பாவம்.

ஐந்தாம் மாதம் நடக்கிறது. போன தடவை தாண்டாத மாதத்தைத் தாண்டிவிட்டேன். நேற்று உள்ளே ஏதோ மெல்லப் புரண்டது. அடுப்புச் சத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன், எனக்கு வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

எனக்கு இந்தக் குழந்தையும் வேண்டும், வேலையும் வேண்டும் அண்ணி. இரண்டையும் கேட்பது பேராசையா? என்ன செய்ய வேண்டும் என்று வக்கீலம்மாவிடம் கேளுங்கள். சொன்னபடி செய்கிறேன்.

சிட்டு


மே 11

என் செல்லச் சிட்டுவுக்கு,

பேராசை என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு. அவர்களுக்குக் கொதிக்கக் கொதிக்க ஒரு டம்ளர் டீ வைத்திருக்கிறேன்.

அரைச் சர்க்கரை சொல்வது இது. கழற்றுவதற்கு முன்பே, வேலையில் இருக்கும்போதே, நீ உண்டாகியிருப்பதை எழுதி மேனேஜரிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் நீக்கினால் எதற்காக நீக்கினார்கள் என்று அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த நாளில் அடுப்புக்குக் கூப்பிட்டால் போ. கூப்பிடாவிட்டாலும் வேலைக்கு வந்ததாக வாசலில் போய் நில். உன் பெயரில் தொழிலாளர் அதிகாரிக்கு மனு எழுதித் தந்திருக்கிறார், கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. அந்த அதிகாரியை அந்த நாளிலேயே வந்து பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். வருவாரா என்பது தெரியாது.

கூலி எவ்வளவு என்று கேட்டேன். ஆயுசுக்கும் பாதிச் சர்க்கரையைச் சரியாகப் போட்டால் போதும் என்றார்.

உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மனிதர் இடுப்பு வலியை மறந்து எழுந்து நின்றுவிட்டார்.

தைரியமாக இரு,
அண்ணி


மே 24

அன்புள்ள அண்ணிக்கு,

மனுவைக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். மேனேஜரிடமும் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு ரொம்ப அன்பாகச் சிரித்தார். “நல்ல விஷயம்தானேம்மா. வீட்ல போய் நல்லா ரெஸ்ட் எடு. குழந்தை பிறந்ததும் வந்து பாரு, இடம் இருந்தா பார்க்கலாம்.” இந்தத் தடவை அடுப்புக்கும் நான் வர வேண்டாமாம். உயரக்காரியை வரச் சொல்லிவிட்டார்களாம்.

அவள் என்னைத் தேடி வந்து, “உன்னை ஏன் விட்டுட்டாங்க?” என்று கேட்டாள். வாயால் சொல்ல வரவில்லை. கோட்டைத் திறந்து காட்டினேன். அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். போன வருஷம் பொட்டலம் கட்டும் இடத்திலிருந்து ஒருத்தி பிரசவத்துக்குப் போனாள், அதற்கு முன்னால் சுருட்டைமுடிக்காரி போனாள். அவர்களாகவே நின்றுவிட்டார்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தொட்டில் துணி வாங்கிக் கொடுத்து, கைதட்டி அனுப்பி வைத்தோம். அவர்களும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

உயரக்காரி எழுந்து போய்விட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

சிட்டு


ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில், நான் சுகம், உள்ளே இருப்பதும் சுகம். இப்போது கதையைக் கேளுங்கள்.

கழற்றிய மறுநாள் காலையில் வாசலில் தனியாகப் போய் நின்றேன். ஆலைக்குள் விசிலும் காவல்காரரும் தவிர யாரும் இல்லை. சிறிது நேரத்தில் ஏரிக்குப் போகும் வேன் வந்தது. என்னைத் தாண்டிப் போகும் என்று நினைத்தேன், நின்றது. உயரக்காரி முதலில் இறங்கினாள், அவள் பின்னால் எல்லோரும் இறங்கினார்கள். கையில் சாப்பாட்டுக் கூடைகள், தலையில் தொப்பிகள். ஷிப்ட் தொடங்கும்போது நிற்பதுபோலவே என் பின்னால் வரிசையாக நின்றார்கள். உயரக்காரி என் காதருகே, “ஏரி எங்க போயிடப் போகுது” என்றாள்.

அடுப்புக்கு ஆள் வரவில்லை என்று விசில் வெளியே வந்து பார்த்தார். எங்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். அதற்குள் மேனேஜரின் கார் வந்தது. நீங்கள் யாரும் இன்றைக்கு வேலையில் இல்லை, கலைந்து போங்கள் என்றார். வேலையில் இல்லாதவளை எதற்கு அடுப்புக்குக் கூப்பிட்டீர்கள் என்று உயரக்காரி கேட்டாள். அவர் அவளுக்குப் பதில் சொல்வதற்குள் தோளில் பையோடு ஒருவர் வந்து, தொழிலாளர் அதிகாரி என்று சொல்லிக்கொண்டார். ஆலை இன்று முழுக்க மூடியிருக்கிறது என்றார் மேனேஜர். அதிகாரி அண்ணாந்து புகைபோக்கியைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். புகை நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

அடுப்பை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டார் அதிகாரி. இப்போதைக்குக் காவல்காரர் என்று விசில் சொன்னதும் பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். வழக்கமாக யார் என்று மறுபடி கேட்டார். மேனேஜர் விசிலையே பார்த்துக்கொண்டிருந்தார். விசில் எங்கள் வரிசையைப் பார்த்தார், முதலிலிருந்து கடைசிவரை.

“நானும் இந்தப் பொண்ணும்தான் சார். மூணு வருஷமா இதே நாள்ல நாங்க ரெண்டு பேரும்தான் நிக்கிறோம். எழுதிக்குங்க.”

அதிகாரி என் பக்கம் திரும்பி, அப்படியானால் இன்றைக்கு ஏன் வெளியே நிற்கிறாய் என்றார். கோட்டுப் பித்தானைக் கழற்றினேன். அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன், நான் உண்டாகியிருக்கிறேன், அதனால் வர வேண்டாம் என்றார்கள் என்று. இத்தனை மாதம் மூடி வைத்ததை நடுத்தெருவில் சொன்னேன் அண்ணி. பயம் வரவில்லை.

விசில் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். உட்கார்ந்து பார்க்க ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

சிட்டு


ஜூன் 24

அன்புச் சிட்டுவுக்கு,

உனக்கும் உள்ளே இருக்கும் துரைக்கோ துரைசானிக்கோ ஆசிகள். தொழிலாளர் அதிகாரியின் உத்தரவு உன் கைக்கு வந்திருக்கும். உன்னுடைய வேலையும் விசிலின் வேலையும் ஒரு நாளும் விட்டுப் போகவில்லை என்று எழுதியிருப்பதை வக்கீலம்மா எனக்குப் படித்துக் காட்டினார். நான் ஆனந்தத்தில் அவருக்கு முழுச் சர்க்கரை போட்டுக் கொடுத்துவிட்டேன். முகம் சுளிக்காமல் குடித்தார்.

அதற்குப் பிறகு மற்றப் பெண்கள் போட்ட மனுக்கள் நீதிமன்றத்தில் விசாரணையில் இருக்கின்றன. அவர்கள் அந்த நாளில் வேலை செய்யவில்லை என்பதால் அது சுலபமில்லை, இழுக்கும் என்கிறார். ஆனால் கழற்றுவதே ஒரு தந்திரம் என்று வாதாடப் போகிறார். அதுவரை யாரையும் நீக்கக் கூடாது, உடம்புப் பரிசோதனையும் கூடாது என்று தடை வாங்கிவிட்டார். உயரக்காரியிடம் சொல்.

பிரசவத்துக்கு நான் வருகிறேன். கேன்டீனை உன் அண்ணன் பார்த்துக்கொள்வாராம். நீதிமன்றம் பிழைக்குமா பார்ப்போம்.

அண்ணி


ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். கால் மட்டும் வீங்கியிருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். உள்ளே இருக்கும் ஆசாமிக்கு உதைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பயம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நீங்கள் வந்து சேரும்வரை அது இருக்கும்.

விடுப்பு நேற்றுத் தொடங்கிவிட்டது. கோட்டை ஒப்படைக்க இன்று ஆலைக்குப் போனேன். என் இடத்தில் புதிதாக ஒரு பெண் நிற்கிறாள், நான் திரும்பும்வரைதான் என்று எடுத்திருக்கிறார்கள். பாவம், எல்லாவற்றையும் கறுக்கவிட்டுக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் பக்கத்தில் நின்று நிறம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன்.

வெளியே வரும்போது ஷிப்ட் அறைப் பலகையைப் பார்த்தேன். யார் எந்த இடம் என்று விசில் தினமும் அதில் எழுதுவார். பிரசவத்துக்குப் போகிறவளின் பெயரைச் சட்டைக் கையாலேயே துடைத்துவிட்டு அதே இடத்தில் வேறு பெயர் எழுதுவதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

என் பெயர் இருந்தது. பக்கத்தில் ‘விடுப்பு’ என்று எழுதி, அதற்குக் கீழே அந்தப் புதுப் பெண்ணின் பெயரை எழுதியிருந்தார். அந்தப் பலகையில் அப்படி ஒரு வார்த்தையை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்போலிருக்கிறது. விசில் பக்கத்தில் வந்து, “என்னம்மா, தப்பா எழுதிட்டேனா?” என்று கேட்டார்.

சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்றேன்.

வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் சிட்டு